எண்ணுவதற்கு முன் பிடுங்கியது

பாப்பா, நீ இதைப் பிரிக்கும்போது அப்பா உன் ஹாஸ்டல் வாசலில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் எதுவும் கேட்காதே. பையில் முறுக்கு இருக்கிறது, துவைத்த போர்வை இருக்கிறது, அம்மா ஒரு கவர் கொடுத்தாள், இவ்வளவுதான் அவருக்குத் தெரியும். "போன்ல சொல்றத வுட்டுட்டு இன்னாத்துக்கு இம்மாம் பெரிய லெட்டரு?" என்று நேற்றிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டார். போனில் சொன்னால் நீ நடுவிலேயே "சரி விடும்மா" என்பாய். நான் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு மிச்சத்தை விழுங்கிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதனால்தான் ஒன்பதாவதோடு பேனாவைக் கீழே வைத்தவள், உன் பழைய ரஃப் நோட்டில் தாள் கிழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சுற்றி வளைக்கவில்லை. அடுத்த மாதம் நீ காலேஜில் கொடுக்கப்போகிற ஆராய்ச்சிப் புத்தகத்தில் ஒரு பக்கம் பொய். உன் பொய் இல்லை, என் பொய். கறுப்புத் துணி போட்டு மூடியிருந்த நாலு டிரேக்கு நேரே, துணியை எடுத்த பிறகு பத்து நாளும் பூஜ்ஜியம், பூஜ்ஜியம் என்று நோட்டில் எழுதிக் கொடுத்தேனே, அது பூஜ்ஜியம் இல்லை. முளை வந்தது. நிறைய வந்தது. எத்தனை என்று எனக்கே தெரியாது. தெரியாததை ஏன் தெரிந்த மாதிரி எழுதினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கோபம் வந்தால் தாராளமாகக் கோபப்படு. ஆனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

மாசி மாதம் நீ எட்டு பிளாஸ்டிக் டிரேயைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டு ஓரத்திலிருந்து சாரணை விதை நான்தான் பொறுக்கித் தந்தேன். ஊரெல்லாம் பிடுங்கிப் போடுகிற செடிக்கு, டிரேக்கு நூறு விதை என்று எண்ணி, மண்ணைச் சலித்து, மேலே மெல்லிசாகத் தூவி நீ செய்த ராஜ மரியாதையைப் பார்த்து அப்பாகூட டீயை ஆற வைத்துக்கொண்டு நின்றார். நாலு டிரே வெளிச்சத்தில். நாலு டிரே கறுப்புத் துணிக்குள். டிரேயின் அடியில் ஓட்டை போட்டு, கீழே தாம்பாளத்தில் தண்ணீர் விட்டால் மண் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும், துணியைத் தூக்கவே கூடாது என்றாய். "ஒரு நிமிஷம் வெளிச்சம் பட்டாக்கூட அது முழிச்சிக்கும்மா" என்று நீ சொன்னது எனக்குப் புதுசு இல்லை, சொன்ன விதம் மட்டும்தான் புதுசு. மண்மேட்டுத் தோப்பில் முந்திரி நிழல் விழுகிற இடத்தில் எங்களுக்குக் களை வேலையே இருக்காது. காற்றில் ஒரு மரம் சாய்ந்தால் போதும், ஒரு மழைக்கு அந்த இடம் முழுக்கப் பச்சையாகிவிடும். நடவு வயலில் தண்ணீர் நிறுத்தியிருந்தால் விதை சும்மா கிடக்கும், வரப்பு உடைந்து தண்ணீர் இறங்கிய பக்கம் மட்டும் மளமளவென்று எழும்பும். மேலே இலை இருக்கிறதா, பகலில் மண் சுடுகிறதா, ராத்திரி குளிர்கிறதா என்று அந்த எள்ளத்தனை விதை உள்ளே இருந்தே பார்த்துக்கொள்கிறது என்று நீ விளக்கியபோது, முப்பது வருஷமாக என்னோடு மல்லுக்கட்டியது இத்தனை கெட்டிக்காரப் பிறவியா என்று நினைத்துக்கொண்டேன்.

நீ கொடுத்த வேலையும் சின்ன வேலைதான். தினமும் காலையில் ஏழு மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். புதிதாக முளைத்ததை எண்ண வேண்டும். நோட்டில் எழுத வேண்டும். அப்புறம் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் அதையே திரும்ப எண்ணிவிடுவேன். "எண்ணிட்டு, எழுதிட்டு, அப்புறம் புடுங்கும்மா. வரிசை மாறக் கூடாது" என்று நீ விரல் நீட்டிச் சொன்னாய். எனக்கா சொல்கிறாய் என்று எனக்கு ரோஷம்கூட வந்தது. வெளிச்சத்து டிரேக்களை ஒழுங்காகத்தான் எண்ணினேன். அந்தக் கணக்கு சத்தியம், அதில் கை வைக்காதே. நாற்பதாம் நாள் காலையில் துணியை எடுத்தேன். வெளுத்துப்போன நூல் மாதிரி ஒவ்வொரு டிரேயிலும் ஆறு, ஏழு. அதையும் எழுதினேன். இனி பத்து நாள் வெளிச்சத்தில் வைத்துப் பார், எழும்பினால் தூங்கிய விதை, எழும்பாவிட்டால் செத்த விதை என்று நீ போனில் சொன்னாய். முதல் மூன்று நாள் ஒன்றும் இல்லை. உண்மையாகவே பூஜ்ஜியம்.

நாலாம் நாள் விடிகாலையில் ஒரு கோடை மழை. மழை விட்டதும் காற்று சில்லென்று இருந்தது, நான் டிரேக்களுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நோட்டு மடியில்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு வளர்மதி வந்தாள். "இன்னாக்கா பண்ணிகினு கீற? களைய வூட்டுலயே வளக்குறியா?" என்றாள். அவள் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த கதையை ஆரம்பித்தாள். பையன் சுரங்கத்தில் பர்மனென்ட்டா கான்ட்ராக்டா என்பதை அவர்கள் மென்று விழுங்கியதை அவள் நடித்துக் காட்டினாள், நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் போன பிறகு குனிந்து பார்க்கிறேன், நாலு டிரேயும் துடைத்த மாதிரி சுத்தம். என் காலடியில் ஒரு கைப்பிடி முளை, சிவந்த தண்டும் ரெண்டு இலையுமாக, எல்லா டிரேயிலிருந்தும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. விரல் நுனியெல்லாம் ஈர மண்.

பாப்பா, சத்தியமாக எனக்கு ஞாபகமே இல்லை. களை எடுக்கிற வரிசையில் பக்கத்தில் ஒருத்தி பேசிக்கொண்டே வந்தால் வாய் பதில் சொல்லும், கை தன் வேலையைப் பார்க்கும். அப்படித்தான் எங்களுக்கு வேலையே ஓடும். கை நின்றால் மேஸ்திரி சத்தம் போடுவான், வாய் நின்றால் பொழுது போகாது. அந்தக் கையைக் கொண்டுபோய் உன் டிரேக்கு முன்னால் உட்கார வைத்தோமே, நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கலந்து கிடந்ததை எண்ணப் பார்த்தேன். பாதி நசுங்கிவிட்டது, எது எந்த டிரேயுடையது என்று தெரியவில்லை. அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, நேற்றைய கட்டத்தைப் பார்த்து இன்றைய கட்டத்திலும் பூஜ்ஜியம் போட்டேன்.

அது கை செய்த தப்பு, அதற்காக நான் இவ்வளவு வெட்கப்பட மாட்டேன். மறுநாள் செய்ததுதான் மன்னிக்க முடியாதது. மறுநாளும் முளை வந்தது, டிரேக்கு ஏழெட்டு. அதை எழுதினால் நேற்று ஏன் ஒன்றும் இல்லை என்று நீ கேட்பாய். அம்மாவை நம்பி ஒரு வேலை கொடுத்தேனே என்று முகம் சுருங்குவாய். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டே அத்தனையையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பூஜ்ஜியம் எழுதினேன். அதற்கு மறுநாளும் அப்படியே. பத்தாம் நாள் வரைக்கும். நீ வந்து நோட்டைப் பார்த்துவிட்டு "சூப்பர்ம்மா, எவ்ளோ நீட்டா எழுதிருக்க" என்று என் கன்னத்தைக் கிள்ளினாய். நான் உள்ளே போய் வெங்காயம் நறுக்கினேன்.

அத்தோடு போகும் என்று நினைத்தேன். சில கட்டங்கள் தப்பாக இருந்தால் பெரிய புத்தகத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன தடவை வீட்டுக்கு வந்தபோது நீ அந்தக் கடைசிப் பக்கத்தை அப்பாவுக்கும் எனக்கும் தமிழில் படித்துச் சொன்னாய். ஈர மண்ணில் நாற்பது நாள் இருட்டில் கிடந்த சாரணை விதை பெரும்பாலும் செத்துவிடுகிறது, ஆகையால் குவித்து வைத்த மேல்மண்ணைக் கறுப்பு ஷீட்டால் மூடி வைத்துப் பிறகு நிலத்தில் பரப்பினால் களைத் தொல்லை இருக்காது என்று இருந்தது. உங்கள் சாருக்கு இது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது என்றாய். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒருவர் தன் ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லையில், நீ வேர்க்கடலை என்று எழுதுவாயே, அதில் அடுத்த பட்டத்துக்கு இப்படிச் செய்து பார்க்கச் சம்மதித்துவிட்டார், மேலே படிக்க வெளியூரில் இடம் கிடைப்பதும் இந்த முடிவால்தான் என்றாய். நூறில் எழுபதோ அறுபதோ உயிரோடு இருந்ததை என் கையால் பிடுங்கிப் போட்டுவிட்டு, செத்துப்போச்சு என்று என் மகளை எழுத வைத்திருக்கிறேன். அந்த மனிதர் நம்பிக்கையோடு மண்ணைப் பரப்புவார். முதல் மழைக்கு நிலம் பூராவும் சாரணை நிற்கும்.

அப்புறம் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எனக்குக் கல்யாணமாகாத காலத்தில் நாங்கள் பதினாலு பேர் ஒரு மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்தோம். ஒரு தூசு துரும்பு விடாமல் எடுத்தோம். வரப்பில் நின்று பார்த்த நிலத்துக்காரர் "பரவால்லியே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மறுவாரம் செடிக்கு மண் அணைக்கிறேன் என்று ஆழமாகக் கிளறிவிட்டார், அடுத்த நாள் மழை. பத்து நாளில் போய்ப் பார்த்தால் களை எடுத்த சுவடே இல்லை. "மேலால கிள்ளிப் போட்டுட்டு வேர வுட்டுட்டுப் போயிருக்காளுங்க. நாளையிலேர்ந்து ஒருத்தியும் வர வாணாம்" என்றார். வேரோடு எடுத்தது எங்களுக்குத் தெரியும். எங்களில் மூத்தவளான கன்னியம்மா அக்கா "அடியில கெடந்தது மேல வந்துட்சிங்க, நாங்க இன்னா பண்ணுவோம்" என்று சொல்லிப் பார்த்தாள். கேட்க ஆளில்லை. அந்தப் பட்டம் முழுக்க அந்த ஊரில் எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. விதை தப்பு செய்யாது, மண் தப்பு செய்யாது, புத்தகமும் தப்பு செய்யாது பாப்பா. கடைசியில் களை எடுத்தவள்தான் சரியாக எடுக்கவில்லை என்று வரும். உன் புத்தகத்தால் இன்னொரு பதினாலு பேருக்கு அந்தப் பேர் வரக் கூடாது.

செத்துப்போச்சு என்று அவசரப்பட்டுச் சொல்வது எனக்குப் பழகிய குணம்தான். பன்னிரண்டாவதில் நீ கணக்கில் தவறியபோது "இவ படிப்பு இத்தோட முடிஞ்சிச்சி" என்று தெருவில் நின்று சொன்னவள் நான். உன் காதில் விழுந்ததும் எனக்குத் தெரியும். மந்தாரக்குப்பம் டியூஷனுக்கு வெயிலில் சைக்கிளில் போய் வந்தாய், திரும்ப எழுதினாய், தேறினாய். அன்றைக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். பாயசம் வைத்துச் சமாளித்துவிட்டேன். இந்த முறை பாயசம் கிடையாது. நீ எங்கே போனாலும், எந்த வேலையில் உட்கார்ந்தாலும், யாரையாவது எதையாவது இனி அவ்வளவுதான் என்று எழுதுவதற்கு முன்னால், அதற்கு வேண்டியது கிடைத்ததா என்று ஒரு தரம் பார். வெளிச்சம் போதவில்லையா, சூடு போதவில்லையா, மேலே எவளாவது என் மாதிரி ஒருத்தி உட்கார்ந்து முளைக்க முளைக்கப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாளா என்று பார். இதை உனக்கு நான் சொல்ல வேண்டியிருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் நீ அந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும், சாரிடம் போய் நிற்க வேண்டும், அவர் ஒரு பருவம் தள்ளிப்போடச் சொல்லலாம், வெளியூர் இடம் கைவிட்டுப் போகலாம். இதையெல்லாம் யோசித்துத்தான் ஒன்றரை மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன். போனால் போகட்டும் என்று என்னால் லேசாகச் சொல்ல முடியவில்லை. உன் இடத்துக்காக நான் சாமிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன், இப்போதும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் பொய்க் கணக்கின் மேல் உட்கார்ந்து நீ ராத்திரி பகலாகப் படிப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்றரை மாதமும் நான் சும்மா இருந்துவிடவில்லை. நீ அன்றைக்கு ஊருக்குப் போன மறுநாளே பீரோவில் நீ வைத்திருந்த மிச்ச விதை டப்பாவை எடுத்தேன். அதே டிரேக்களைக் கழுவினேன். அதே மாதிரி மண் சலித்து, நூறு நூறாக எண்ணி, மூன்று டிரேயில் போட்டுக் கறுப்புத் துணியால் மூடி, அடியில் தாம்பாளம் வைத்துத் தண்ணீர் விட்டேன். நாற்பது நாள் ஒரு தடவைகூட துணியை விலக்கவில்லை. அப்பா துணி காயப்போட அந்தப் பக்கம் போனால்கூடக் கத்தினேன், "இன்னாடி பொதையல் கீதா அதுல?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாற்பதாம் நாள் ரெண்டு டிரேயின் துணியை மட்டும் எடுத்தேன். மூன்றாவது இன்னும் மூடியே இருக்கிறது, நீ ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. அதே விதை, அதே மண், அதே தண்ணீர். நாலாம் நாள் எழும்ப ஆரம்பித்தது. இன்றோடு ஆறு நாள் ஆகிறது. ஒரு முளையைக்கூடப் பிடுங்கவில்லை. ஒவ்வொன்று வரும்போதும் பக்கத்தில் ஒரு தென்னை ஈர்க்கைக் கிள்ளி நட்டு வைத்தேன், அது வாடினாலும் ஈர்க்கு நிற்குமில்லையா? இன்று காலையில் ஒன்றில் அறுபத்து நாலு, இன்னொன்றில் ஐம்பத்து எட்டு. இந்தக் கணக்கையும் நம்பாதே. களைக்காரி எழுதிய கணக்கு ஏற்கனவே ஒரு தடவை உன்னைக் கவிழ்த்திருக்கிறது.

எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது, படிக்காதவள் சொல்கிறாளே என்று நினைக்காதே. மூடி வைத்தால் செத்துவிடும் என்பது பொய்யாகிவிட்டது, சரி. மூடி வைத்தால் தூங்கும், திறந்தால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் எழும்பும் என்பது உண்மையாகிவிட்டதே. அந்த மனிதரைக் கொல்லையில் மண்ணைப் பரப்பச் சொல், தண்ணீர் விடச் சொல், உடனே மல்லாட்டையைப் போட வேண்டாம் என்று சொல். பதினைந்து நாள் பொறுத்தால் எழும்ப வேண்டியது எழும்பிவிடும். அப்போது ஆழமாக உழாமல் மேலாகச் சுரண்டிவிட்டு, அப்புறம் விதைக்கட்டும். ஆழமாக உழுதால் கீழே தூங்குவதைத் தட்டி எழுப்பின மாதிரி ஆகிவிடும். கன்னியம்மா அக்கா இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாள், அவளிடம் யாரும் கேட்டதில்லை. உன் சார் இதைக் கேட்டால் ஒருவேளை முன்னைவிடச் சந்தோஷப்படலாம். ஒருவேளை கத்தலாம். கத்தினால் என்னைக் கூட்டிக்கொண்டு போ, இந்தக் கையைக் காட்டுகிறேன்.

புத்தகத்தில் எழுதும்போது அந்த ஏழு நாள் பூஜ்ஜியத்தையும் அடித்துவிடு. என்ன நடந்ததோ அதை அப்படியே எழுது, என் அம்மா பிடுங்கிவிட்டாள், எண்ணிக்கை தெரியாது என்று எழுது. நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயரைப் போட்டிருப்பதாகச் சொன்னாயே, எனக்கு அச்சில் என் பெயரைப் பார்க்க ஆசைதான். அதை அங்கே எடுத்துவிட்டு இங்கே போட்டாலும் எனக்குச் சம்மதம்.

அப்பா போர்வையைக் கொடுத்த கையோடு உன்னை இங்கே பஸ் ஏற்றிவிடச் சொல்லியிருக்கிறேன், ஏன் என்று அவருக்குத் தெரியாது. முளைகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, ரெண்டு மூன்று நாளில் ஒன்றை ஒன்று அமுக்கிவிடும். மத்தியான வெயிலுக்கு என் பழைய மெல்லிசான வாயில் புடவையை நாலு குச்சியில் கட்டிப் பந்தல் போட்டிருக்கிறேன். வளர்மதி பார்த்துவிட்டு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். சொல்லிக்கொள்ளட்டும். முப்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சாரணைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கை அரிக்கிறது, சீக்கிரம் வந்து எண்ணு.